கடைசி வண்டி வரும்வரை

தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் தார்ப் பாலைவனத்து வெண்மணலுக்கும் இடையே இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் தூரம் இன்னும் மாறாமல் இருந்த காலத்தில், அந்தத் தூரத்தை நாள்வாரியாகப் பகுத்து, பெட்ரோல் கிடைக்கும் ஊர் எது, கிடைக்காத ஊர் எது, எந்த இடத்தில் டயரின் காற்றைக் குறைக்க வேண்டும், எந்த இடத்தில் மறுபடியும் நிரப்ப வேண்டும் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எழுதிவைத்தவள் மணல்குண்டு ஊர்க்காரி ஜெயசீலி. அவளுக்கு நாற்பத்தாறு வயது. தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வரைபடம் வரைகிறவள். அவள் ஒரு வரப்பைக்கூடக் கோணலாக வரைந்ததில்லை என்பது ஊரறிந்த செய்தி; அவள் ஒன்றைச் சொன்னால் அது அளந்து பார்த்துச் சொன்னதாகவே இருக்கும் என்பது அதைவிட ஊரறிந்த செய்தி.

தார்ச்சாலையிலும் மணலிலும் ஒருசேர ஓடக்கூடிய உயரமான மோட்டார் சைக்கிள்களை வைத்திருந்த எட்டுப் பேர் மணல்குண்டில் ஒரு குழுவாக இருந்தார்கள். டயர்க் கடை வைத்திருந்த தனிஸ்லாஸ் தலைவர். மெக்கானிக் காசிமும் லைன்மேன் முத்துமாலையும் அவருக்கு இரண்டு கைகள். ஜெயசீலி அவருக்குக் கண். ஞாயிறுதோறும் தேரியில் ஓட்டிப் பழகி, மணலில் விழுவதும் எழுவதும் சலித்துப்போன ஒரு நாளில், உண்மையான பாலைவனத்துக்கே போவோம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

குழுவுக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், முன்னே செல்லும் தனிஸ்லாஸ் இடது கையால் தரையைச் சுட்டுவார். அவருக்கு அடுத்து வருபவர் அங்கே இறங்கி, சரியான வழியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அவருக்குக் கைகாட்டி என்று பெயர். பின்னால் வருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். எல்லோருக்கும் கடைசியாக, மஞ்சள் துணி கட்டிய வண்டி ஒன்று வரும். அதை ஓட்டுகிறவர் கைகாட்டியின் முன்னால் நின்று கட்டைவிரலை உயர்த்திய பிறகே கைகாட்டி தன் கையை இறக்கி, அந்த வண்டிக்கு முன்னால் புறப்படலாம். கடைசி வண்டி வராமல் கைகாட்டி நகரக் கூடாது. கைகாட்டியை எடுக்காமல் கடைசி வண்டி வரக் கூடாது. இந்த விதியை எழுதியவளும் ஜெயசீலியே.

தை மாதத்தில் அவர்கள் பாலைவனத்தில் ஓட்டிய ஒன்பதாம் நாள், கடைசி வண்டி அவளுடையது. அன்றைக்கு நாற்பது கிலோமீட்டர் மணல். அவள் மூன்று முறை விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்தபோது வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு நிமிர்ந்தவளுக்கு, இடப்பக்கத்தில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டியும், அதன் நிழலில் ஒரு டீக்கடையும், கடையை ஒட்டி ஒரு தார்ச்சாலையும் தெரிந்தன. அந்தச் சாலையும் அன்றிரவு தங்கும் கூடாரத்துக்கே போய்ச் சேரும் என்று அவள் தயாரித்த வரைபடமே சொன்னது. மணற்பாதையில் இன்னும் ஒரேயொரு பிரிவு பாக்கி இருந்தது. அங்கே நிற்கும் கைகாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பான் என்று அவள் நினைத்தாள். நினைத்தாள் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினாள் என்பதே சரி. தொட்டியடியில் அரை டம்ளர் டீ குடித்தாள், தார்ச்சாலையில் ஏறினாள், கூடாரத்தை அடைந்தாள்.

"எங்கட்டி முத்துமாலை? கைகாட்டிய எடுத்துட்டுத்தான வந்த?" என்று தனிஸ்லாஸ் கேட்டார்.

"அந்தப் பிரிவுல யாருமே இல்ல அண்ணாச்சி. நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

அந்த ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து எத்தனை எளிதாக வந்தது என்பதுதான் பிறகு அவளை வருத்தியது. அன்றிரவு கூடாரக்காரர்களின் ஜீப்பில் ஏறி எல்லாத் திசைகளிலும் தேடினார்கள். அந்தப் பிரிவில் மட்டும் தேடவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் இல்லை என்று அளந்து சொல்கிறவள் சொல்லியிருந்தாள். விடிந்த பிறகு ஒட்டகம் மேய்ப்பவர் ஒருவர் வந்து சொல்லி, போய்ப் பார்த்தார்கள். முத்துமாலை நிறுத்திய இடத்திலேயே, நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஏல, ராத்திரி பூரா எங்கல போயிருந்த?"

"எங்கயும் போவல அண்ணாச்சி. கடைசி வண்டி இன்னும் வரலல்லா."

"கடைசி வண்டி நேத்து சாய்ந்தரமே வந்தாச்சுல. ஒன்னய இங்கன காணலன்னுல்லா ஜெயசீலி சொன்னா!"

முத்துமாலை ஜெயசீலியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வழி கேட்பவரைப் பார்ப்பது போலப் பொறுமையாகப் பார்த்தான். "அப்பிடியா? யக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். ஆனால் கை இறங்கவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தான்; அவன் காலடியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இன்னோர் அடி வைத்தான்; அங்கேயும் பிரிந்தது. எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடம் ஒரு பிரிவாகிவிட, பிரிவில் நிற்கிற கைகாட்டி கடைசி வண்டி வராமல் நகரக் கூடாது என்பதால், அவன் நின்றான்.

ஆகவே அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரயிலில் அவனை நிறுத்திய இடத்தில் பெட்டியின் நடைவழி இரண்டாயிற்று. ஒன்று கழிப்பறைக்கும் மற்றொன்று மணலுக்கும் போயின. டிக்கெட் பரிசோதகர் மணல் வழியில் போய், ஒரு மணி நேரம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, பூட்ஸைக் கழற்றித் தட்டி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து டிக்கெட்டைக் கேட்டார்.

மணல்குண்டில் முத்துமாலையின் மனைவி பேச்சித்தாய் முதலில் அவனை வீட்டுக்குள்தான் நிறுத்தினாள். வீட்டுக்குள் வழி இரண்டானது. அகப்பையோடு அடுக்களைக்குப் போனவள் மணலுக்குள் நடந்து, திரும்பி வந்தபோது குழம்பு கரிந்துபோயிருந்தது. "கைய நீட்டிப் பாத காட்டணும்னா வெளிய நின்னு காட்டுங்க. எங்க வீட்டு அடுக்களை எனக்குத் தெரியும்" என்று சொல்லி, நான்கு பேரை வைத்துத் தூக்கி, பதினொரு வீடு தள்ளி, பள்ளிவாசல் தெருவின் நடுவில் அவனை நிறுத்தினாள். அன்றிலிருந்து அந்தத் தெரு இரண்டானது. பேருந்து நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு, அவன் கை காட்டிய வலப்பக்கம் பள்ளிவாசலுக்கும் அவன் வீட்டுக்கும் வழக்கம்போலப் போயிற்று. இடப்பக்கம், நேற்றுவரை ஒரு வீட்டின் சுண்ணாம்புச் சுவர் இருந்த இடத்தில், வெள்ளை மணல் பரந்த ஒரு வழி கிடந்தது.

முதல் வாரம் உடன்குடியிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் பால்காரர் பஞ்சாயத்தில் புகார் கொடுத்தார். மூன்றாம் வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மணல் வழியில் தவறிப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே தாகத்தோடு திரும்பிவிடுவார்கள் என்று தெரிந்ததும், ஊர் டீக்கடைக்காரர் தன் அடுப்பையும் பெஞ்சையும் ஒரு பானைத் தண்ணீரையும் அங்கே கொண்டுவந்து போட்டார். தொழுகைக்கு வருகிறவர்கள் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் நல்லது என்று இமாம் சொன்னார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் "கை காட்டுத பக்கமா வாங்க" என்று சொல்லிவைத்தார்கள். ஆடுகள் மணல் வழியையே விரும்பின. வீட்டில் ஒரு மணி நேரம் யார் குரலும் கேட்காமல் இருந்தால் போதும் என்று தோன்றிய பெண்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வழி தவறியதாகச் சொல்லிக்கொண்டு, தெரிந்தே இடப்பக்கம் போனார்கள். பேச்சித்தாய் மூன்று வேளையும் வந்து ஊட்டிவிட்டு, காலித் தூக்குவாளியை அவன் நீட்டிய கையில் மாட்டிவைத்து, அடுத்த வேளைக்கு எடுத்துக்கொண்டாள். மின்வாரியத்தார் ஒருமுறை அவனை வேலைக்குத் தூக்கிப் போய் ஏணியில் ஏற்ற, ஏணி இரண்டாகிப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு பாதி சாய்ந்துவிட்டதால், அலுவலகத்தில் அவனுக்கு மருத்துவ விடுப்பு எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில், கை இறங்கவில்லை என்று மருத்துவர் குறித்துக் கொடுத்தார்.

புதிய வழி ஒன்று ஊருக்குள் வந்துவிட்டபடியால் அதை வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று தாசில்தார் உத்தரவிட்டார். ஏற்ற வேண்டியவள் ஜெயசீலி. அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கிற சங்கிலிக்காரர் மணலுக்குள் போய்த் தாகத்தோடு திரும்பினார். சங்கிலிக்கு அந்த வழியில் முடிவு கிடைக்கவில்லை. அவள் அளவைக் கருவியை அதன் முக்காலியில் நிறுத்தி, கண்ணாடியில் கண்ணை வைத்தாள். மற்றவர்கள் பார்த்தபோது மணல் மட்டுமே தெரிந்த அந்தக் கண்ணாடியில், அவளுக்கு ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டியின் தலை தெரிந்தது.

"என்னக்கா தெரியுது?" என்று, இரண்டடி தள்ளி நின்ற முத்துமாலை கேட்டான்.

"ஒண்ணும் தெரியல" என்று சொல்லி, அவள் கண்ணாடிக்கு மூடியைப் போட்டாள். வரைபடத்தில் அந்த வழியைப் புள்ளிக் கோடுகளால் தொடங்கி, முடிவை வெறுமையாக விட்டாள். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் முடிக்காமல் கையெழுத்திட்ட வரைபடம் அது ஒன்றுதான்.

எதையும் ஏற்றுக்கொள்கிற ஊருக்கு ஒரு காரணம் மட்டும் தேவைப்பட்டது. அந்தக் காரணம் ஜெயசீலியின் வாக்கியத்திலிருந்தே கிடைத்தது. நிற்கச் சொன்ன இடத்தை விட்டு அன்றைக்குப் போய்விட்டான், அதனால்தான் மணல் அவனைப் பிடித்துவைத்திருக்கிறது என்று ஊர் சொன்னது. எங்கே போனான் என்பதை அவரவர் விருப்பப்படி சேர்த்துக்கொண்டார்கள். குடிக்கப் போனான் என்றார்கள் சிலர், கூடாரத்தில் ஆடுகிற பெண்ணைப் பார்க்கப் போனான் என்றார்கள் வேறு சிலர். அவன் காதுபடவே சொன்னார்கள். அவன் சிரித்துக்கொண்டு, கேட்பவர்களுக்குச் சரியான வழியைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பங்குனியில் மணல் அவன் கணுக்காலைத் தொட்டது. வெட்டி எடுத்தார்கள், மறுநாள் அதே அளவுக்கு நிறைந்தது. ஆடிக் காற்றில் முழங்காலுக்கு வந்தது. புரட்டாசியில் இடுப்புக்கு வந்தபோதுதான், இது எந்தக் கணக்கில் ஏறுகிறது, எந்த மாதத்தில் மூக்கை எட்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஜெயசீலிக்கு அது நாள் உட்படத் தெரிந்திருந்தது.

தனிஸ்லாஸ் குழுவைக் கூட்டினார். முத்துமாலையும் குழுவில் ஒருவன் என்பதால், கூட்டத்தை அவனைச் சுற்றியே, டீக்கடைப் பெஞ்சைப் போட்டு நடத்தினார்கள்.

"மறுபடியும் போவோம்" என்றார் தனிஸ்லாஸ். "அதே வழி. அதே எட்டு வண்டி. இவன வெட்டி எடுத்து, ரயில்ல ஏத்தி, அதே பிரிவுல நிறுத்துவோம். கடைசி வண்டி வந்து முறைப்படி இவன எடுக்கட்டும். அதுக்கப்புறம் எப்பிடி நிக்கான்னு பாத்துருவோம்."

"நிக்கது ஒண்ணும் கஷ்டம் இல்ல அண்ணாச்சி. மூக்கு அரிச்சாத்தான் ஒரு மாதிரியா இருக்கு" என்றான் முத்துமாலை.

"எந்தக் கையால சொறிவ?"

"சும்மா கெடக்க கையாலதான். ஆனா அரிக்கது எப்பவும் அந்தப் பக்கமாத்தான அரிக்கி."

கூட்டம் சிரித்தது. ஜெயசீலி சிரிக்காமல் அட்டவணையை விரித்தாள். அதைப் போல ஓர் அட்டவணையை அவள் அதற்கு முன்பும் போட்டதில்லை, பின்பும் போடவில்லை. ரயிலில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியின் பெட்ரோலையும் வடித்துவிட வேண்டும், கண்ணாடிகளைக் கழற்றி வைக்கோலும் சாக்கும் சுற்ற வேண்டும், இறக்கிய இடத்தில் முதல் இருபது லிட்டருக்கு யார் கேனோடு நடப்பது, தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் டயர்க் காற்றைப் பாதியாகக் குறைப்பது, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், வண்டிக்கு இரண்டு டியூப், எல்லைப்புற அனுமதிக்கு எத்தனை நகல், கருப்பட்டியும் பொரிகடலையும் எந்தப் பையில் என்று எல்லாம் அதில் இருந்தன.

"டியூப்பு ரெண்டு காணாது யக்கா. அங்க முழுக்க முள்ளுல்லா? மூணா போடுங்க" என்றான் முத்துமாலை. அவள் இரண்டைத் திருத்தி மூன்றாக்கினாள். தன்னைக் காப்பாற்றப் போகிற பயணத்தில் மற்றவர்களின் டயருக்காக அவன் கவலைப்பட்டதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கடைசியாகக் கடைசி வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஜெயசீலிக்கு மணிக்கட்டு இன்னும் சரியாவல. காசிம் வரட்டும்" என்றார் தனிஸ்லாஸ். அதைக் கேட்டபோது அவளுக்குள் பரவியது நிம்மதிதான். அந்த நிம்மதியை உணர்ந்துகொண்டதும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு ஏற்பட்டது. காசிம் எத்தனை முறை வந்தாலும் பயனில்லை என்பதை அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் அறிந்திருந்தார்கள். எல்லாக் கட்டங்களையும் மையால் நிரப்பியவள் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் காசிமின் பெயரைப் பென்சிலால் எழுதினாள்.

ஐப்பசியில் ஒத்திகை பார்த்தார்கள். முத்துமாலையை வெட்டி எடுத்து, லோடு ஆட்டோவில் ஏற்றித் தேரிக்குக் கொண்டுபோய் நிறுத்த, செம்மணலில் வழி பிரிந்தது. ஏழு வண்டிகள் வரிசையாக வந்தன. காசிம் மஞ்சள் துணியோடு கடைசியாக வந்து, அவன் முன்னால் நின்று, கட்டைவிரலை உயர்த்தினான். முத்துமாலை கையை இறக்கப் பார்த்தான், இறங்கவில்லை. காசிம் மற்றக் கட்டைவிரலையும் உயர்த்தினான்.

"என் வெரலுக்குக் கரண்ட் இல்ல போலுக்கே அண்ணாச்சி. லைன்மேன்தான் இதையும் பாக்கணும்."

"இது செவப்பு மணலு. அதான் கேக்க மாட்டேங்கு. அங்க வெள்ள மணல்ல கேக்கும்" என்று தனிஸ்லாஸ் முடிவு சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெயசீலியும் தலையாட்டினாள். அவனைத் தெருவில் திரும்ப நிறுத்திய மறுநாள் மணல் முத்துமாலையின் தொப்புளுக்கு மேலே நான்கு விரல் ஏறியிருந்தது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேச்சித்தாய் தாலுகா அலுவலகத்துக்கு வந்தாள். வரைபட மேசைக்கு எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"யக்கா, ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். ஒங்கள்ட்டதான் கேக்க முடியும்."

"கேளு பேச்சி."

"நீங்க அந்தப் பிரிவுக்கு வந்தப்ப அவிய அங்கன இல்லன்னு சொன்னீயள்லா. அப்ப எங்க போயிருந்தாவ?"

ஜெயசீலி அளவுகோலை இடம் மாற்றி வைத்தாள்.

"நான் கேட்டா, எங்கயும் போவலட்டி, நின்ன எடத்துலதான் நின்னேங்காவ. நீங்க பொய் சொல்ல மாட்டீய. அப்ப அவியதான சொல்லுதாவ? பதிமூணு வருசத்துல எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல யக்கா அந்த மனுசன். இத மட்டும் ஏன் மறைக்காவ? நெனச்சி நெனச்சி, சோத்த ஊட்டிட்டு மூஞ்சியப் பாக்காம வந்துருதேன். மணலு நெஞ்சுக்கு வந்தாச்சி. கோவத்தோட அனுப்பிருவேனோன்னு பயமா இருக்கு. என்ன எழவா இருந்தாலும் சொல்லிருங்க, நான் தாங்கிக்கிடுவேன்."

"நீ சாப்பிட்டியா?" என்று ஜெயசீலி கேட்டாள்.

பேச்சித்தாய் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அப்ப ஏதோ இருக்கு" என்று சொல்லி எழுந்து போனாள். ஜெயசீலியின் டப்பாவில் சோறு மூடி திறக்கப்படாமல் இருந்தது. அந்தப் பொய்யை அவள் ஒருமுறைதான் சொல்லியிருந்தாள். அது அவள் உதவியில்லாமலே தினமும் தெருவில் நடந்து, மூன்று வேளையும் ஒரு வீட்டில் சோற்றோடு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கடைசிக் கூட்டம். ரயிலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மணல் முத்துமாலையின் மார்பில் இருந்தது. நீட்டிய கை மணலுக்கு மேலே, கம்பத்திலிருந்து புறப்பட்ட பலகை போலத் தெரிந்தது. பேச்சித்தாய் அவனுக்குப் பின்னால் குந்தியிருந்து அகலமான சட்டுவத்தால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜெயசீலி அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தாள். பார்சல் பதிவு, வடித்தல், கட்டுதல், ஏற்றுதல், இறக்குதல், முதல் நாள், இரண்டாம் நாள், ஒன்பதாம் நாள்.

"ஒன்பதாம் நாள். முன்வண்டி தனிஸ்லாஸ். கைகாட்டி முத்துமாலை. கடைசி வண்டி ஜெயசீலி."

"காசிம்னுல்லா போட்டோம்" என்றார் தனிஸ்லாஸ்.

"அழிச்சிட்டேன் அண்ணாச்சி."

"கை வலிக்கும்னுல்லா..."

"நான் அந்தப் பிரிவுக்கு வரவே இல்ல" என்றாள் ஜெயசீலி. எழுதிவைத்து வாசிப்பதுபோலச் சொல்ல நினைத்திருந்தாள். குரல் அந்த ஒழுங்குக்குள் நிற்கவில்லை. "அன்னைக்கு நான் அந்தப் பிரிவுக்கு வரல. முன்னாலயே தார் ரோட்டுல ஏறி வந்துட்டேன். முத்துமாலை அங்க இருந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் இல்லன்னு சொன்னேன். அவன் நின்ன எடத்துலதான் நின்னிருக்கான்."

"என்னக்கா, வெளையாடுதீயளா?" என்று சிரிக்கத் தொடங்கிய காசிம், நடுவிலேயே நிறுத்திக்கொண்டான். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்தார். தனிஸ்லாஸ் நெடுநேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று டியூப், ஐந்து லிட்டர் தண்ணீர், எத்தனை அழகான எழுத்து.

"மண்ணு அவன் நெஞ்சுக்கு வந்த பொறவுதான் ஒனக்கு வாய் வந்துதாட்டி?"

பேச்சித்தாய் சட்டுவத்தைக் கீழே வைத்தாள். எழுந்து, சுற்றிவந்து, கணவனின் முன்னால் குனிந்து, எத்தனையோ நாளாகப் பார்க்காத முகத்தைப் பார்த்தாள். "சொன்னீயளே. சொல்லிக்கிட்டேதான இருந்தீய" என்றாள். அவன் மூக்கில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஒம்பது நாள்ல ரயிலு. அதுவரைக்கும் இவன் தாங்குவானா?" என்றார் தனிஸ்லாஸ், யாரையும் பார்க்காமல்.

"ரயிலு எதுக்கு அண்ணாச்சி?" என்றான் முத்துமாலை. "யக்கா விட்டுட்டுப் போன வழி இங்கனதான கெடக்கு." கை வலப்பக்கமே காட்டிக்கொண்டிருக்க, அவன் கண்கள் முதல் முறையாக இடப்பக்கம் திரும்பின.

"தெரிஞ்சே ஏம்ல சொல்லாம நின்ன?"

"கைகாட்டி ஆள் அனுப்பிக் கடைசி வண்டியக் கூப்பிட முடியுமா அண்ணாச்சி? நிக்கணும். அவ்வளவுதான நம்ம வேல."

ஜெயசீலி வண்டியின் பின்பக்கத்தில் மஞ்சள் துணியைக் கட்டினாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது, யாரும் உதவவில்லை. டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்து, வண்டியைக் கிளப்பி, பத்து மாதங்களாக ஆடுகளும் பெண்களும் போய்த் திரும்பிய வழிக்குள் நுழைந்தாள். மற்றவர்களைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பிய அந்த வழி அவளைத் திருப்பவில்லை. மணல் உயர்ந்தது, வேலிமுள் வந்தது, நீலத் தொட்டி வந்தது. அதன் நிழலில் இருந்த டீக்கடைக்காரர், எதிர்பார்த்துக்கொண்டிருந்தவரைப் போல, அவள் பாதியில் வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்து நீட்டினார். அதில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் வாங்கி, மீதியைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தார்ச்சாலைக்கு முதுகைக் காட்டி, அன்றைக்கு விழுந்து எழுந்த இடம்வரை போய், விட்ட பாதையில் ஏறினாள். மூன்று முறை விழுந்தாள். மூன்றும் புதிய இடங்கள். மூன்றாம் முறை வண்டியைத் தூக்க முடியாமல் அதன்மேலேயே சாய்ந்து அழுதாள். அழுது முடித்துத் தூக்கினாள்.

பள்ளிவாசல் தெருவில் எல்லோரும் மணல் வழியையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வண்டியின் சத்தம் அவர்களுக்குப் பின்னால், பேருந்து நிலையப் பக்கத்திலிருந்து கேட்டது. இடப்பக்கம் போனவள் தெருவின் தலைப்பிலிருந்து, எல்லோரும் வந்துபோகிற வழியில், தலைமுடியெல்லாம் வெண்மணலோடு வந்துகொண்டிருந்தாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவள் முத்துமாலையின் முன்னால் வண்டியை நிறுத்தினாள். மணல் அப்போது அவன் தோளைத் தொட்டிருந்தது.

"வாங்கக்கா" என்றான் அவன். "கடைசி வண்டின்னா கொஞ்சம் லேட்டாத்தான வரும்."

வீங்கிய மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவள் கட்டைவிரலை உயர்த்தினாள்.

"பொறத்தால வேற யாரும் இல்லல்லா?" என்று முறைப்படி கேட்டான் அவன்.

"யாரும் இல்ல. நாந்தான் கடைசி."

முத்துமாலையின் கை இறங்கியது. அவன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில், மணல் அவனை விட்டு இறங்கி, தண்ணீர் வடிவதுபோல இடப்பக்கத்து வழிக்குள் வடிந்து, வழியையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அந்த இடத்தில் சுண்ணாம்புச் சுவர் நின்றது. உள்ளே போயிருந்த ஓர் ஆடு சுவரோரத்தில் நின்று கத்தியது. முத்துமாலை ஓர் அடி வைத்தான். தெரு பிரியவில்லை. கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவனைப் போல அவன் வலப்பக்கமாக நடக்கத் தொடங்கினான். பேச்சித்தாய் அவன் தோளில் கைவைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். எடுக்கப்பட்ட கைகாட்டி முன்னாலும் கடைசி வண்டி பின்னாலும் போக வேண்டும் என்பதால், ஜெயசீலி முதல் கியரில், நடக்கிற வேகத்தில், பதினொரு வீடும் அவர்களுக்குப் பின்னால் போனாள். மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது.

முத்துமாலை வீட்டுக்குள் போனான். உள்ளே அவன் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கும் சத்தம் வாசலுக்குக் கேட்டது. பேச்சித்தாய் நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"எவ்வளவு நேரம் மிச்சமாச்சி யக்கா?"

"எதுல?"

"அன்னைக்கி தார் ரோட்டுல போனீயள்லா. மணல்லயே வந்திருந்தா ஆவுத நேரத்துக்கு, எவ்வளவு மிச்சம்?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தொட்டியடியில் ஒருமுறையும் கூடாரத்தில் ஒருமுறையும் கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தை மணல்வழிக்கு அட்டவணையில் போட்டிருந்த நேரத்திலிருந்து கழித்து, அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவைத்தவள் அவள்.

"இருபத்திரண்டு நிமிஷம்" என்றாள் ஜெயசீலி.

பேச்சித்தாய் அந்த எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, வெயில் உள்ளே வராமலிருக்க அந்தத் தெருவின் எல்லா வீடுகளிலும் அந்த நேரத்தில் சாத்துவதைப் போலவே, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.